அத்தையின் குழம்புப் பொடி

கொல்கத்தா பெரிய நகரம். அதன் தென் பகுதியில் டாலிகஞ்ச் இருக்கிறது. டாலி என்ற வெள்ளைக்கார ராணுவ அதிகாரி அங்கே ஒரு கால்வாய் வெட்டினார். 1777ஆம் ஆண்டு அதில் படகுகள் ஓடத் தொடங்கின. அவர் பெயர்தான் ஊருக்கும் வந்தது. வங்காளிப் படம் எடுக்கும் ஸ்டுடியோக்கள் இங்கே இருக்கின்றன. 1986ஆம் ஆண்டு முதல் மெட்ரோ ரயிலும் இங்கே வருகிறது.

டாலிகஞ்சில் ஒரு சந்து. சந்தில் ஒரு மாடி வீடு. கீழே வீட்டுக்கார அம்மாள் இருக்கிறார். அவர் வங்காளி. எல்லாரும் அவரை 'மாஷிமா' என்று கூப்பிடுவார்கள். மாஷிமா என்றால் நம் ஊரில் சித்தி, பெரியம்மா என்பது போல. மாடியில் ஒரு தமிழ்க் குடும்பம். புருஷன், பெண்டாட்டி, நாலு வயதுப் பெண் குழந்தை. சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம்.

ஊரில் மாமியார் இருக்கிறார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அவர் குழம்புப் பொடி அரைத்து அனுப்புவார். யாராவது சென்னை மெயிலில் கொல்கத்தாவுக்கு வந்தால் அவர்களிடம் கொடுத்து விடுவார். அந்தப் பொடி இருக்கும்வரை மருமகளுக்குக் கவலை இல்லை. புளியைக் கரைத்து, பொடியைப் போட்டால் குழம்பு ஆகிவிடும்.

ஒரு வருஷம் மாமியாருக்குக் கை எலும்பு முறிந்துவிட்டது. பொடி வரவில்லை.

மருமகள் கடைக்குப் போனாள். மூட்டையில் குவித்து வைத்திருந்த மிளகாய்ப் பொடியை வாங்கி வந்தாள். விலை குறைவு. நிறமோ நல்ல சிவப்பு. அதைப் போட்டுக் குழம்பு வைத்தாள். குழம்பு சிவந்தது. காரம் இல்லை. மணமும் இல்லை. இரண்டு நாள் கழித்துக் குழந்தைக்கு வயிற்று வலி. பொடியால் வந்த வலியா, வேறு எதுவுமா, யாருக்கும் தெரியாது. ஆனால் மாஷிமாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

மாஷிமா ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் கொண்டு வந்தார். அதில் மிளகாய்ப் பொடியை ஒரு சிட்டிகை தூவினார். பொடி மேலே மிதந்தது. அதிலிருந்து சிவப்புச் சாயம் கோடு கோடாகக் கீழே இறங்கியது. கொஞ்ச நேரத்தில் தம்ளரின் அடியில் ஏதோ படிந்தது. தண்ணீரை வடித்துவிட்டு விரலால் தேய்த்துப் பார்த்தார்கள். நறநற என்றது. செங்கல் தூளைத் தேய்த்தால் அப்படித்தான் இருக்கும்.

"பெஹாலாவை நாங்கள் மறக்கவில்லை" என்றார் மாஷிமா.

பெஹாலா, டாலிகஞ்சுக்கு மேற்கே இருக்கும் ஊர். 1988ஆம் ஆண்டு அங்கே ஒரு கொடுமை நடந்தது. மக்கள் வாங்கிய சமையல் எண்ணெயில் ஒரு தொழிற்சாலை ரசாயனம் கலந்திருந்தது. அதன் பெயர் டிரைக்ரெசில் பாஸ்பேட். அதைச் சாப்பிட்ட நூற்றுக்கணக்கான பேருக்குக் கையும் காலும் விளங்காமல் போயின. நல்லபடியாக நடந்துபோய் எண்ணெய் வாங்கியவர்கள், பிறகு கோல் ஊன்றி நடந்தார்கள். எண்ணெயைப் பார்த்தபோது யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

கலப்படத்தில் பொடிதான் மோசம். முழுப் பொருளைக் கண்ணால் பார்க்கலாம். கையில் எடுத்து முகரலாம். அரைத்துவிட்டால் எல்லாம் ஒரே தூள்.

முழுப் பொருளிலும் ஏமாற்று உண்டு. மஞ்சளை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து நாடான வங்கதேசத்தில் சில வியாபாரிகள் விரலி மஞ்சளுக்கு ஒரு மஞ்சள் சாயம் ஏற்றி வந்தார்கள். அது ஈயம் கலந்த சாயம். லெட் குரோமேட் என்பார்கள். ஈயம் உடம்பில் சேர்ந்தால் குழந்தைகளின் மூளை வளர்ச்சி கெடும். வயிற்றில் இருக்கும் குழந்தையையும் அது விடாது. 2019ஆம் ஆண்டு ஆராய்ச்சியாளர்கள் இதை வெளியே சொன்னார்கள். அந்த நாட்டு அரசு சந்தைகளில் சோதனை போட்டது. சாயம் ஏற்றியவர்களுக்கு அபராதம் விதித்தது. எச்சரிக்கை நோட்டீசுகளை ஒட்டியது. 2021ஆம் ஆண்டு மறுபடி சோதித்தபோது அங்கே சந்தை மஞ்சளில் அந்தச் சாயம் கிடைக்கவில்லை. அரசு நினைத்தால் இரண்டே வருஷத்தில் நிறுத்த முடிகிறது! நம் நாட்டிலும் பாட்னா போன்ற ஊர்களில் அதே சாயம் ஏற்றிய மஞ்சளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அதனால் பளபள என்று கண்ணைப் பறிக்கும் மஞ்சளை வாங்காதீர்கள். மங்கலான, மண்ணிறம் கலந்த மஞ்சளே நல்லது. ஒரு துண்டைத் தண்ணீரில் போடுங்கள். உடனே நிறம் பிரிந்தால் அது சாயம். மிளகையும் தண்ணீரில் போடலாம். நல்ல மிளகு அடியில் போய் நிற்கும். பப்பாளி விதை மிதக்கும். சீரகத்தை உள்ளங்கையில் வைத்துத் தேயுங்கள். கை கறுத்தால், அது கரித்தூள் பூசிய புல் விதை. ஆனால் ஒன்று. இந்த வீட்டுச் சோதனையில் எல்லாக் கலப்படமும் தெரியாது. கொஞ்சமாக ஈயம் இருந்தால் ஆய்வுக்கூடத்தில்தான் தெரியும்.

அரைத்த மசாலாவை மூட்டையில் குவித்துச் சில்லறையாக விற்கவே கூடாது. பாக்கெட்டில் அடைத்துத்தான் விற்க வேண்டும். 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதி இது. பாக்கெட்டில் எடை, தயாரித்த தேதி, 14 இலக்க உரிம எண் எல்லாம் இருக்க வேண்டும். மருமகள் போன கடைக்காரருக்கு விதி தெரியுமோ, தெரியாதோ. அவளுக்குத் தெரியாது.

மருமகள் அந்தப் பொடியைக் கொட்டினாள். தானே அரைப்பது என்று முடிவு செய்தாள்.

அது ஜூலை மாதம். கொல்கத்தாவில் ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் ஆரம்பம் வரை மழைக்காலம். துவைத்த துணி இரண்டு நாள் ஆனாலும் காயாது. அவள் மிளகாயை மாடியில் காயப் போட்டாள். ஒரு மணி நேரம் வெயில். பிறகு தூறல். ஓடிப்போய் எடுத்தாள். மறுபடி வெயில். மறுபடி தூறல். சாயங்காலம் மில்லில் கொடுத்து அரைத்தாள். சூடாக இருக்கும்போதே பாட்டிலில் போட்டு இறுக்கி மூடினாள்.

பத்து நாள் கழித்துத் திறந்தாள். பொடி கட்டி கட்டியாக இருந்தது. மேலே வெள்ளையும் பச்சையுமாகப் பூசணம். மக்கல் வாடை.

ஊருக்குப் போன் செய்தாள்.

"அத்தை, பொடியில பூசணம் பிடிச்சிருக்கு. வெயில்ல காயவச்சு, மேலாக எடுத்துட்டு வச்சுக்கலாமா?"

"வேண்டாம் ஆத்தா. அப்படியே கொட்டிரு."

"ஒரு கிலோ அத்தை. மனசு வரலயே."

"காசு போனாப் போகட்டும். புள்ள சாப்பிடுற சோறு. கொட்டு."

மாமியார் சொன்னது சரி. ஈரமான மிளகாயிலும் பொடியிலும் ஒரு வகைப் பூசணம் வளரும். அது அஃப்ளாடாக்சின் என்ற விஷத்தை உண்டாக்கும். அது கல்லீரலைக் கெடுக்கும். நாளடைவில் புற்றுநோயையும் கொண்டு வரும். வெயிலில் வைத்தால் பூசணம் சாகலாம். விஷம் போகாது. வறுத்தாலும் கொதிக்க வைத்தாலும் முழுவதும் போகாது.

இரண்டு தவறு நடந்திருக்கிறது. மிளகாயின் ஈரம் போகவில்லை. சூட்டோடு மூடியதால் பொடி உள்ளேயே வியர்த்துவிட்டது.

ஜனவரி மாதம் மாமியார் கொல்கத்தா வந்தார். கை கூடிவிட்டது. ஆனால் உரலில் இடிக்கவோ, கனமான வாணலியைத் தூக்கவோ முடியாது. இனிமேல் ஊரிலிருந்து பொடி வராது என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"அளவு சொல்லுங்க அத்தை, எழுதிக்கிறேன்" என்றாள் மருமகள்.

"அளவு என்னத்தச் சொல்ல? மல்லி ஒரு குத்து, மிளகாய் பாத்துப் போடணும், வெந்தயம் அரைக் கை. எல்லாம் கைதான்."

மாமியாருக்குக் கைதான் தராசு. அவருடைய மாமியாருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அந்தக் கை இல்லாத வீட்டில் என்ன செய்வது? மருமகள் ஒரு வழி கண்டுபிடித்தாள். மாமியாரைக் கூட்டிக்கொண்டு மளிகைக் கடைக்குப் போனாள். மாமியார் ஒவ்வொரு சாமானையும் தன் கையால் அள்ளித் தட்டில் போட்டார். கடைக்காரர் நிறுத்தார். மருமகள் எழுதினாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கடைக்காரர் மட்டும் சிரித்துக்கொண்டே நிறுத்தார்.

வங்காளக் கடையில் சாமான் பெயர் வேறு. மல்லிக்கு 'தொனே'. சீரகத்துக்கு 'ஜீரே'. மிளகுக்கு 'கோல்மரிச்'. வெந்தயத்துக்கு 'மேதி'. மஞ்சளுக்கு 'ஹொலுத்'. மிளகாய்க்கு 'லங்கா'! "நம்ம ராவணன் ஊரா?" என்று மாமியார் கேட்டார். காய்ந்த மிளகாய் வேண்டுமானால் 'ஷுக்னோ லங்கா' என்று கேட்க வேண்டும்.

மிளகாய் நம் நாட்டுப் பயிரே இல்லை. அது அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தது. போர்ச்சுக்கல் நாட்டு வியாபாரிகள் சுமார் 500 வருஷத்துக்கு முன்னால் இங்கே கொண்டு வந்தார்கள். அதற்கு முன்னால் நம் சமையலில் காரத்துக்கு மிளகுதான். மிளகு போலக் காரமான காய் என்பதால் மிளகாய். பெயரைப் பிரித்துப் பார்த்தாலே தெரிகிறது.

'கறி பவுடர்' என்ற பெயரும் வெள்ளைக்காரர்களால் வந்ததுதான். 'கறி' நம்முடைய சொல். இங்கே வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர்களுக்கு லண்டனிலும் இந்த ருசி தேவைப்பட்டது. 1784ஆம் ஆண்டிலேயே லண்டன் பத்திரிகையில் கறிப்பொடிக்கு விளம்பரம் வந்திருக்கிறது. அவர்கள் எல்லாச் சமையலுக்கும் ஒரே பொடியைப் போட்டார்கள். நம் வீடுகளில் ரசத்துக்கு ஒன்று, குழம்புக்கு ஒன்று, கறிக்கு ஒன்று.

கறிவேப்பிலைக்கு லேக் மார்க்கெட் போனார்கள். டாலிகஞ்சிலிருந்து மெட்ரோவில் ஏறினால் இரண்டாவது ஸ்டேஷன் காளிகாட். அங்கே இறங்கி நடக்கலாம். தென்னிந்தியர்கள் நிறையப் பேர் வாழ்ந்த இடம். வாழை இலை, காப்பிப் பொடி, கறிவேப்பிலை எல்லாம் கிடைக்கும்.

எழுதிய அளவு இது:

மல்லி – 500 கிராம்
காய்ந்த மிளகாய் – 250 கிராம்
துவரம்பருப்பு – 50 கிராம்
கடலைப்பருப்பு – 50 கிராம்
சீரகம் – 50 கிராம்
மிளகு – 50 கிராம்
வெந்தயம் – 25 கிராம்
விரலி மஞ்சள் – 25 கிராம்
கறிவேப்பிலை – இரண்டு கைப்பிடி

ஊரில் மாமியார் 300 கிராம் மிளகாய் போடுவார். அது ராமநாதபுரம் பக்கத்துக் குண்டு மிளகாய். கொல்கத்தாக் கடையில் கிடைத்தது நீட்டு மிளகாய். ஒன்றைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். "இது வேற சாதி. காரம் தூக்குது. குறைச்சுக்க" என்றார். அதனால் 250. உங்கள் ஊர் மிளகாய்க்குத் தக்கபடி நீங்களும் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் சாமான்களைப் புடைத்து, கல்லும் காம்பும் நீக்கினார்கள். கறுத்த மிளகாயையும், உடைத்தால் உள்ளே பூசணம் தெரிந்த மிளகாயையும் தூக்கி எறிந்தார்கள். கறிவேப்பிலையைக் கழுவி நிழலில் உலர்த்தினார்கள். மிளகாயும் மஞ்சளும் மூன்று நாள் மாடி வெயிலில் கிடந்தன. ஜனவரியில் கொல்கத்தாவில் மழை குறைவு. வெயில் காந்தாது, ஆனால் காற்றில் ஈரம் இல்லை. மிளகாயைக் குலுக்கினால் விதை கலகல என்று சத்தம் போட வேண்டும். ஒடித்தால் பட்டென்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம்.

பிறகு வறுப்பது. அடி கனமான இரும்பு வாணலி, சின்னத் தீ. எல்லாவற்றையும் தனித்தனியாகத்தான் வறுக்க வேண்டும். மருமகள் சீரகத்தையும் மல்லியையும் ஒன்றாகக் கொட்டப் போனாள். மாமியார் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மல்லி சூடேறுறதுக்குள்ள சீரகம் கருகிப் போகும் ஆத்தா. ஒண்ணு கருகினா மொத்தப் பொடியும் கசக்கும்."

பருப்பு பொன்னிறமாக வேண்டும். மல்லி கையில் எடுத்தால் சுட வேண்டும், மணம் எழும்ப வேண்டும். இரண்டு மூன்று ஈடாகப் போட்டு வறுக்கலாம். மிளகு படபட என்று வெடிக்கத் தொடங்கினால் போதும். சீரகம் ஒரு நிமிஷ வேலை. வெந்தயத்தில்தான் கவனம் வேண்டும். லேசாகச் சிவந்ததும் இறக்கிவிடுங்கள். கறுத்தால் கசப்பு. கறிவேப்பிலை நொறுங்கும்வரை வறுபட வேண்டும். மிளகாயைக் கடைசியில் போடுங்கள். அரைத் தேக்கரண்டி எண்ணெய் விட்டுச் சூடு மட்டும் காட்டினால் போதும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். குழந்தையை வெளியே அனுப்பிவிடுங்கள். நெடி தாங்காது. இந்த வீட்டிலும் மிளகாய் வறுத்தபோது கீழே மாஷிமா தும்மியது மாடிவரை கேட்டது.

வறுப்பது மணத்துக்கு மட்டும் இல்லை. மிச்சம் இருக்கும் ஈரம் போகிறது. பூச்சி முட்டை சாகிறது. அதனால்தான் பொடி நாள்பட நிற்கிறது.

விரலி மஞ்சள் கல் மாதிரி இருக்கும். முழுசாகப் போட்டால் சரியாக அரைபடாது. துணியில் சுற்றிச் சுத்தியலால் தட்டி உடைத்தார்கள். மாஷிமா தன் அம்மியில் தட்டிக் கொடுக்கிறேன் என்றார். அம்மிக்கு வங்காளியில் 'ஷில்', குழவிக்கு 'நோடா'. நம் ஊரில் "அம்மி கொத்தணுமா?" என்று கூவிக்கொண்டு வருவார்கள் இல்லையா? கொல்கத்தாத் தெருவிலும் "ஷில் காட்டாவ்" என்று கூவிக்கொண்டு வந்து அம்மி கொத்துவார்கள். மாஷிமா பொடி அரைத்து வைப்பதில்லை. அன்றன்றைக்கு அம்மியில் விழுதாக அரைப்பார். தாளிக்க வெந்தயம், சீரகம், சோம்பு, கருஞ்சீரகம், கடுகு ஆகிய ஐந்தையும் முழுசாகப் போடுவார். அதற்குப் 'பாஞ்ச் போரன்' என்று பெயர். அதிலும் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது. முழுசாக இருக்கும்வரை சாமானில் மணம் போவதில்லை. கலப்படத்துக்கும் இடம் குறைவு.

வறுத்ததை எல்லாம் தாம்பாளத்தில் பரப்பி ஆற வைத்தார்கள். நன்றாக ஆறிய பிறகுதான் மில்லுக்குப் போக வேண்டும். கோதுமை அரைக்கும் மெஷினில் கொடுக்காதீர்கள். மசாலா அரைக்கும் மெஷினில் கொடுங்கள். அதிலும் முதலில் வரும் ஒரு கைப்பிடி, முன்னால் அரைத்தவரின் மிச்சம். அதை ஒதுக்கிவிடுங்கள். பக்கத்திலேயே நின்று வாங்கி வாருங்கள்.

மில்லிலிருந்து வரும் பொடி சுடும். மருமகள் பழைய செய்தித்தாளை விரித்தாள். மாமியார் வேட்டித் துணியைக் கொண்டுவரச் சொன்னார். செய்தித்தாள் மையில் கெட்ட ரசாயனங்கள் இருக்கின்றன. சூடான பொருளில் அது ஒட்டிக்கொள்ளும். வெள்ளைத் துணியில் பரப்பி, இரண்டு மணி நேரம் ஆற விட்டார்கள். பிறகு சலித்தார்கள். மேலே நின்ற கப்பியை மிக்சியில் மறுபடி அரைத்துச் சேர்த்தார்கள்.

ஒரு கிலோ சாமான் போட்டால் பொடி ஒரு கிலோ வராது. ஈரம் போகும், மெஷினில் கொஞ்சம் ஒட்டும்.

பொடியை இரண்டாகப் பிரித்தார்கள். பெரிய பாட்டிலில் முக்கால் பங்கு. அதன்மேல் மாமியார் ஒரு துண்டுக் கட்டிப் பெருங்காயம் வைத்தார். அது பூச்சிக்கு. தினசரிக்குச் சின்ன டப்பா தனியாக. அதிலிருந்து எடுக்க ஈரம் இல்லாத கரண்டி. டப்பாவைக் கொதிக்கும் குழம்புக்கு மேலே பிடித்துக் கொட்டக் கூடாது. ஆவி உள்ளே போய்விடும். நிறையப் பேர் செய்யும் தவறு இது. மூன்று மாதத்துக்கு மணம் குறையாது. மழைக்காலத்தில் கால் கிலோவுக்கு மேல் அரைக்காமல் இருப்பது நல்லது.

மருமகள் பாட்டிலில் ஒட்டக் காகிதம் வெட்டினாள். எழுதப் பேனாவை எடுத்தாள்.

"கொடு, நான் எழுதுறேன்" என்றார் மாமியார்.

1991ஆம் ஆண்டு புதுக்கோட்டையில் அறிவொளி வகுப்பு நடந்தபோது எழுதக் கற்றவர் அவர். எழுதி ரொம்ப நாள் ஆகிவிட்டது. கையும் சரியில்லை. 'குழம்புப் பொடி' என்று மெதுவாக எழுதினார். அதன் கீழே தேதி போட்டார். 'ம்' மேல் புள்ளி வைக்க மறந்துவிட்டார். பேத்தி எடுத்துச் சொன்னாள். வைத்தார்.

அன்றைக்கு முருங்கைக்காய் போட்டுப் புளிக்குழம்பு. நாலு பேருக்கு மூன்று தேக்கரண்டிப் பொடி. மாஷிமாவுக்கும் ஒரு கிண்ணம் போனது. அவர் கண்ணில் தண்ணீர் வந்தது, காரத்தால். கிண்ணத்தைக் கழுவி, அதில் இரண்டு சந்தேஷ் வைத்துத் திருப்பி அனுப்பினார்.

செய்து பாருங்கள்

1. மேலே உள்ள அளவுகளைக் கூட்டுங்கள். கறிவேப்பிலையை விட்டுவிடுங்கள். மொத்தம் எத்தனை கிராம்?

2. மழைக்காலத்தில் கால் கிலோ மட்டும் அரைக்க வேண்டும். ஒவ்வொரு சாமானும் எத்தனை கிராம் வாங்க வேண்டும்? எழுதுங்கள்.

3. உங்கள் ஊர்க் கடையில் ஒவ்வொரு சாமானின் விலையையும் கேட்டு எழுதுங்கள். அரைவைக் கூலியையும் சேருங்கள். ஒரு கிலோ பாக்கெட் பொடியின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

4. உங்கள் வீட்டில் கை அளவாலேயே சமைக்கும் பெரியவர் யார்? அவர் போடும் ஒரு கைப்பிடியை நிறுத்துப் பார்த்து எழுதி வையுங்கள்.